1858-இன் சாட்சி: லின்னேயஸ் டிரைப் எடுத்த தமிழகப் படங்கள்

யானைமலையைப் பக்கவாட்டில் பார்த்தே மதுரைக்காரர்களுக்குப் பழக்கம். மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடை நெருங்கும்போது, துதிக்கையை நீட்டிப் படுத்துக் கிடக்கும் யானை கண்ணில் பட்டுவிடும்; பேருந்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதும் அதைத்தான். 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே போன கும்பினிப் படையின் கேப்டன் ஒருவர், மலையின் ஒரு முனைக்கு எதிரே கேமராவை நிறுத்தினார். அந்தக் கோணத்தில் நீண்ட உடம்பு மறைந்து, பாறையின் பருமன் மட்டும் சமவெளிக்கு மேலே எழுந்து நிற்கிறது. கதை சொல்ல அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. கல், வெளி, வெளிச்சம், அவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படக் கலையின் உயர்ந்த சாதனைகளோடு சேர்த்து மேலை அருங்காட்சியகங்கள் இன்று பேசும் படங்களில் அதுவும் ஒன்று. எடுத்தவர் பெயர் லின்னேயஸ் டிரைப். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்தப் பெயர் நூலகப் பட்டியல்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

அவரை மீட்டெடுத்தவர்கள் ஒரு கலைஞரை மீட்டெடுத்தார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் உள்ள ஊர்களிலேயே வாழ்கிற நமக்கு அவர் முதலில் ஒரு சாட்சி. சாட்சி என்று வந்துவிட்டால் குறுக்கு விசாரணையும் உண்டு. எங்கே நின்று பார்த்தார், எதுவரை உள்ளே விடப்பட்டார், எதைத் தன் கையால் சேர்த்தார், எது அவர் கேமராவில் விழவே முடியாமல் போனது என்றெல்லாம் கேட்டாக வேண்டும். கேட்டாலும் டிரைப்பின் படங்கள் தாக்குப்பிடிக்கின்றன. கேட்ட பிறகு அவற்றின் மதிப்பு கூடுகிறது என்பதே என் கட்சி.

டிரைப் 1822-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், பிளிமத்தை ஒட்டிய கடற்படைத் துறைமுகமான டெவன்போர்ட்டில் பிறந்தார். தந்தை அறுவைச் சிகிச்சை மருத்துவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. பதினேழு வயது நிரம்புவதற்குள் கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தார். பத்தாண்டு சிப்பாய்ப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊருக்குப் போனவர் அங்கேதான் கேமராவைத் தொட்டார். டெவன்போர்ட் கப்பல்துறையும் அங்கே நின்ற பாய்மரப் போர்க்கப்பல்களும்தான் அவருக்குப் பயிற்சிப் பாடம். 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். சங்கம் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். அதாவது கலைக்கே இளம் வயது. யாரும் யாருக்கும் பெரிய வாத்தியார் இல்லை.

1854-இல் பெங்களூருக்குத் திரும்பியதும் ஆண்டு முடிவதற்குள் ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகொள என்று கிளம்பிவிட்டார். அங்கே எடுத்தவற்றை 1855 சென்னைக் கண்காட்சியில் வைத்தார். முதல்தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மிய அரசவைக்கு அனுப்பிய தூதுக்குழுவில் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகப் போனார். இரண்டாம் பர்மியப் போர் முடிந்து கீழ்ப்பர்மா கும்பினி கைக்கு வந்திருந்த நேரம் அது. பகான், அமரபுரம் என்று ஐராவதி ஆற்றோடு போன அந்தப் பயணத்தில் இருநூறுக்கு மேற்பட்ட நெகட்டிவ்கள் எடுத்தார். அவற்றுள் 120-ஐத் தேர்ந்து 50 தொகுதிகளாக அச்சிட்டுக் கொடுத்தார். ஆறாயிரம் படங்கள், ஒவ்வொன்றும் வெயிலில் கையால் அச்சிடப்பட்டது. அவர் படமெடுத்துச் சில ஆண்டுகளுக்குள் மிண்டோன் மன்னர் தலைநகரை மாந்தலைக்கு மாற்றினார். அமரபுரத்து அரண்மனைக் கட்டடங்கள் பிரிக்கப்பட்டு அங்கே கொண்டுபோகப்பட்டன. டிரைப்பின் வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது: அவர் படமெடுத்துவிட்டுப் போகிறார், சில ஆண்டுகளில் எடுத்த பொருள் உருமாறிவிடுகிறது.

கோயில்களையும் கோட்டைகளையும் வரைய ஓவியர்களை வைத்துச் சம்பளம் கொடுத்து வந்த கும்பினி இயக்குநர்கள், 1855 வாக்கில் ஒரு கணக்குப் போட்டார்கள். கேமரா மலிவு, வேகம், துல்லியம். அந்த முடிவின் பலனாகத்தான் சென்னை அரசு 1856-இல் டிரைப்பைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அழியக்கூடிய நிலையில் உள்ளவற்றை அழிவதற்கு முன் பிடித்து வைப்பதே முதல் வேலை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1857 டிசம்பர் நடுவில் பயணம் தொடங்கியது. வடக்கே தில்லியும் லக்னோவும் பற்றி எரிந்த ஆண்டு அது. சென்னைப் படையில் பெரிய கலகம் இல்லை. அந்த அமைதியின் ஓரத்தில் ஒரு கேப்டன் மாட்டு வண்டிகளில் ரசாயனப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு என்று நான்கைந்து மாதம் சுற்றினார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையும் அவர் தொகுதிகளில் ஒன்று. 1791-இல் திப்புவிடமிருந்து கும்பினிப் படை பிடித்த மலைக்கோட்டை அது. அழகுக்காக மட்டும் அந்தப் பட்டியல் போடப்படவில்லை என்பதற்கு அந்த ஒரு பெயரே போதும்.

அவர் கையாண்ட முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். படங்களின் பாதிக் குணம் அதிலிருந்து வருகிறது. 1851-இல் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே வெளியிட்ட மெழுகுக் காகித முறை அது. நல்ல மெல்லிய காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி இழைகளை நிரப்புவார்கள். பிறகு அயோடைடு கரைசலில் நனைத்துக் காயவைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் ஏற்றினால் காகிதம் ஒளியை உணரத் தொடங்கும். கேமராவில் வைத்து வெளிச்சம் காட்டி, இரவில் கூடாரத்திலோ சத்திரத்து அறையிலோ கேலிக் அமிலத்தில் மிதக்கவிட்டால் மெல்ல மெல்ல உருவம் எழும். அதே ஆண்டில் வந்த கண்ணாடி கொலோடியன் முறை இதைவிடக் கூர்மையானது, வேகமானது. ஆனால் அதில் கண்ணாடியில் பூசிய ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். மாசி வெயிலில் மதுரையில் அந்த ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம், எடுத்த பின் பொறுமையாகக் கழுவலாம், அடுக்கி வண்டியில் போடலாம், உடையாது. ஆழம் காட்டும் சிறிய இரட்டைப் படங்களுக்குக் (ஸ்டீரியோ) கண்ணாடியையும் டிரைப் பயன்படுத்தினார். பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் காகிதம்தான். நெகட்டிவ் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். அதைப் பெரிதாக்கும் வசதி அன்று இல்லை. படம் எந்த அளவோ நெகட்டிவும் அந்த அளவு, கேமராவும் அதற்கேற்ற பெட்டி.

இதற்கு இரண்டு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்று நேரம். நல்ல வெயிலிலேயே நிமிடக் கணக்கில் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மண்டப இருட்டில் இன்னும் நீளும். அந்த நேரத்தில் நடந்துபோகிற ஆள் காகிதத்தில் பதிய மாட்டார். இன்னொன்று வானம். அந்தக் கால வெள்ளி உப்புகள் நீல ஒளிக்குத்தான் துடித்து எழும். பச்சைக்கும் சிவப்புக்கும் மந்தம். கோபுரத்துக்கும் மரத்துக்கும் போதுமான நேரம் கொடுத்தால் வானம் அளவுக்கு மீறி வெந்துவிடும். திட்டுத் திட்டாகக் கறை விழும். டிரைப் இதற்குக் கண்டுபிடித்த வழி தூரிகை. மெழுகுக் காகித நெகட்டிவின் பின்புறத்தில் வண்ணம் பூசி வானத்தைச் சீராக்கினார். அதோடு நிற்கவில்லை, மேகங்களையும் வரைந்தார். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டியது பிரிண்டில் வெள்ளை மேகமாக மிதக்கும். காற்றில் ஆடிக் குழம்பிப்போன இலைகளையும் சில இடங்களில் தொட்டுத் திருத்தியிருக்கிறார். அவருடைய பிரிண்ட் ஒன்றை உருப்பெருக்கிப் பார்த்தால், கட்டடத்தின் விளிம்பு கூர்மையாக ஓட, அதற்கு மேலே மேகத்தின் ஓரம் மட்டும் தூரிகை போன வழியில் மென்மையாகக் கரைவது தெரியும்.

ஆக, அரசாங்க ஆவணமாக எடுக்கப்பட்ட ஒரு படத்தில் வானம் பொய். சில விமர்சகர்கள் இதையே டிரைப்பின் கலையுணர்வுக்குச் சான்றாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. அதை நன்றாகக் காட்டுவது தஞ்சாவூரில் அவர் செய்த வேலை.

டிரைப் தஞ்சைக்கு வந்தபோது அரண்மனையில் ராஜா இல்லை. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கும்பினி அரசை எடுத்துக்கொண்டுவிட்டது. ராணி வழக்குத் தொடுத்திருந்தார். பெரிய கோயிலில் நந்தியையும் விமானத்தையும் சுப்பிரமணியர் சன்னிதியையும் மற்றவர்கள் போலவே டிரைப்பும் எடுத்தார். வேறு யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றையும் செய்தார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். கேமராவைச் சுவரிலிருந்து ஒரே தொலைவில் வைத்து, ஒரே உயரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்தால்தான் ஒன்றோடொன்று பொருந்தும். இப்படி எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது. அந்தக் காலத்தில் அகலப் படம் என்றால் மலைத்தொடர், துறைமுகம், நகரத்தின் கூரைகள். ஒரு சுவரின் எழுத்தை வாசிப்பதற்காக 19 அடி படம் எடுத்தவரை வேறெங்கும் தேட வேண்டியிருக்கும். மேகம் வரைந்த தூரிகைக்கு இங்கே வேலை இல்லை. எழுத்தில் ஒரு கொம்பைக் கூட்டினாலும் சாட்சி கெட்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1858-இல் சென்னையில் வெளியான ‘தஞ்சாவூர், திருவையாறு’ தொகுதிக்கு விளக்கக் குறிப்புகள் எழுதியவர் ஜி.யு. போப். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். தஞ்சையில் சில ஆண்டுகள் மிஷனரியாக இருந்தவர். பெரிய கோயிலைக் கட்டியவன் காடுவெட்டிச் சோழன் என்று போப் எழுதியதை நம் வரலாற்று நூல்கள் இன்றும் நினைவூட்டும். தலபுராணம் கரிகாலன் என்றது. ராஜராஜன் பெயர் யார் வாயிலும் இல்லை. 1880களின் பிற்பகுதியில் கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷும் அவருடைய உதவியாளர் வெங்கய்யாவும் அந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வாசித்த பிறகுதான் விவகாரம் தீர்ந்தது. தான் எடுப்பித்த கற்றளி இது என்று ராஜராஜனே அங்கே சொல்லியிருக்கிறான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி அதற்கே ஒதுக்கப்பட்டது. டிரைப்பின் படச்சுருள் அப்போதே முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தது. சோழ எழுத்து அதில் பதிந்திருந்தது, வாசிக்கத் தெரிந்த கண்தான் அதை எட்டவில்லை. புகைப்படம் எடுத்துவிட்டாலே ஒன்று அறியப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல எதிர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

மதுரைதான் அவருக்கு அதிகம் கைகொடுத்த ஊர். தொகுதிகளுள் பெரியதும் அதுதான், நான்கு பாகம். 1858 ஜனவரியும் பிப்ரவரியும் அங்கே போயின.

வைகையின் குறுக்கே இருந்த தரைப்பாதையைப் படமெடுத்தார். ஆல்பர்ட் விக்டர் பாலம் வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தால் வடகரை வேறு, தென்கரை வேறு. கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்ட விளக்குத்தூணையும் எடுத்தார். கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து மதுரையை விரியவிட்டவர் பிளாக்பர்ன். அந்த வேலையில் இருந்த பெருமாள் மேஸ்திரியும் நில அளவையாளர் மாரட்டும் தெருப் பெயர்களாக இன்றும் இருக்கிறார்கள். விளக்குத்தூண் இப்போது ஜவுளிக் கடைக் கூட்டத்துக்கு நடுவே போக்குவரத்துப் போலீசுக்கு அடையாளமாக நிற்கிறது. படமெடுக்கும்போது அது புத்தம்புதிய பொருள். அழியப்போவதை எடுக்க வந்தவரின் தொகுதியில் ஒரு கலெக்டரின் நினைவுச்சின்னம் எப்படி இடம்பிடித்தது என்று கேட்கத் தோன்றும். சம்பளம் கொடுப்பவர் யார் என்பதில் பதில் இருக்கிறது.

உள்புறங்களை எடுப்பதில்தான் டிரைப்பின் திறமை முழுதாக வெளிப்படுகிறது. புதுமண்டபத்தின் பக்கத் தாழ்வாரத்தை மேற்கிலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகின்றன. திறந்த பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் தளத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. கருங்கல்லின் கருமைக்குள் ஒளி புகுந்து செதுக்கலை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறது. முற்றிய வெயில் நேரத்தில் எடுத்திருந்தால் வெளியே சுண்ணாம்பாகவும் உள்ளே கரியாகவும் போயிருக்கும். எந்த வேளையில் எந்தப் பக்கம் நின்றால் கல்லும் நிழலும் சமமாக நிற்கும் என்று முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டுப் போனவர் எடுத்த படம் இது. பக்கத்திலேயே ராயகோபுரம். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட அந்த வாயிலின் ஒற்றைக்கல் நிலைத்தூண்களை அடிப்பகுதியோடு நெருங்கி எடுத்திருக்கிறார். கொடிவேலைப்பாடு ஒவ்வொரு சுருளும் எண்ணும்படி தெரிகிறது. இன்று எழுகடல் தெருவில் பாத்திரக் கடைகளின் குடங்களும் அண்டாக்களும் தொங்கும் இடைவெளியில் அதே கொடியைத் தேடிப் பிடிக்கலாம். பொறுமை வேண்டும்.

அவர் காட்டும் உள்புறம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளம், ஆயிரங்கால் மண்டபம், பிரகாரத் தூண்கள் எல்லாம் இருக்கின்றன, சன்னிதி இல்லை. வெள்ளைக்காரருக்கு அனுமதி எதுவரையோ அதுவரைதான் கேமரா. ஆகவே அந்தத் தொகுதியில் கோயில் என்பது கட்டடக்கலையாகவே இருக்கிறது. விளக்கு, புகை, பூ, நைவேத்தியம் எதுவும் இல்லை. கோயில் நகைகளைத் தனியே பரப்பி எடுத்த ஒரு படம் உண்டு. அம்மன் மேல் கிடக்க வேண்டியவை துணியின் மேல் கிடக்கின்றன. அவர் இருந்த மாதம் தை. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பத் திருவிழா நடக்கும் பருவம். அவருடைய தெப்பக்குளத்தில் நீரும் மைய மண்டபமும்தான். ஊரே திரண்டு வடம்பிடிக்கும் இடம் யாரும் வசிக்காத தீவு மாதிரி கிடக்கிறது.

இந்த வெறுமையைத்தான் நம் காலத்து ரசிகர்கள் அவருடைய ‘அமைதி’ என்று பாராட்டுகிறார்கள். பாதி அமைதி ரசாயனத்தின் மந்தத்தால் வந்தது என்பதை முன்பே பார்த்தோம். மீதிப் பாதி அவருடைய தேர்வு. ஆளை நிற்கச் சொல்லி எடுத்த படங்கள் அந்தக் காலத்தில் வேறு பலரிடம் நிறைய உண்டு, அவரிடம் குறைவு. கட்டடத்தின் அளவைக் காட்டக்கூட ஆளை நிறுத்தத் தயங்கினார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் 1858-இன் மதுரை ஆளரவமற்ற, காலத்தில் உறைந்த, யாரோ வந்து காப்பாற்ற வேண்டிய இடிபாடு என்று அந்தப் படங்களைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர் ஏமாந்துபோவார். ஆட்கள் இருந்தார்கள். மூடி திறந்திருந்த நேரத்தில் கடந்துபோனார்கள்.

இடிபாடு உண்மையாகவே இருந்த இடம் ஒன்று உண்டு: திருமலை நாயக்கர் மகால். 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய கால்பங்கு என்பார்கள். சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெயர்த்தது போக மீதி. டிரைப் போனபோது அந்த மீதியும் தளர்ந்திருந்தது. சுதை உதிர்ந்து செங்கல் தெரியும் தூண்கள், விரிசல் விட்ட வளைவுகள், புதர். 1866-இல் கவர்னராக வந்த நேப்பியர் காலத்தில்தான் சீரமைப்பு தொடங்கியது. கட்டடக் கலைஞர் சிஷோமிடம் அந்தப் பொறுப்பு வந்தது. இன்று ஒலி-ஒளிக் காட்சிக்குப் போகிறவர் பார்க்கும் வழுவழுப்பான மகால் அதற்குப் பிறகு பல கை மாறிப் பூசப்பட்டது. நாயக்கர் காலத்துச் சுதை எது, சிஷோம் காலத்துச் சுதை எது என்று கேட்டால், சீரமைப்புக்கு முந்திய சாட்சியாக டிரைப்பின் படங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தவர் ஏன் மறைந்துபோனார்? 1858 கோடையில் சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். அடுத்த ஆண்டு அவை கப்பலேறி லண்டன் போயின. பெங்களூரில் அச்சுவேலை நடந்துகொண்டிருந்தது. 1859-இல் சார்லஸ் டிரெவல்யன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். கலகத்தை அடக்கிய செலவில் அரசின் கஜானா காலி. மாகாணப் புகைப்படக்காரர் என்பது இன்றைய நிதி நிலைக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று டிரெவல்யன் முடிவு செய்து வேலையை நிறுத்தச் சொன்னார். (கஜானாவைக் காத்த அதே டிரெவல்யன், புதிய வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார் என்பது தனிக் கதை.) கையில் இருந்ததை முடித்துக் கொடுத்துவிட்டு 1860-இல் டிரைப் ஒதுங்கினார். அதன்பின் பட்டாள உத்தியோகம். பர்மாவில் இருந்தபோது சில படங்கள் எடுத்ததோடு சரி. 1870களில் ஓய்வுபெற்று டெவன்போர்ட்டுக்குத் திரும்பி 1902-இல் இறந்தார்.

அரசு சேமித்த பணம் என்ன ஆயிற்று என்றால், பத்து ஆண்டு கழியவில்லை, 1867-68-இல் அதே சென்னை அரசு எட்மண்ட் லயன் என்ற இன்னொரு கேப்டனை அமர்த்தி அதே மதுரை, அதே தஞ்சாவூர், அதே திருவரங்கத்தைப் புதிதாக எடுக்கச் சொன்னது. லயனின் படங்களுக்குக் கட்டடக்கலை அறிஞர் ஃபெர்குசனின் ஆதரவு கிடைத்தது, நூல்களில் ஏறின. சாமுவேல் போர்ன் போன்ற வணிகப் புகைப்படக்காரர்களுக்கு ஸ்டுடியோ இருந்தது. விற்பனைப் பட்டியல் இருந்தது. வெள்ளைக்கார வீடுகளின் ஆல்பங்களில் பெயர் ஓடியது. டிரைப்புக்கு இரண்டும் இல்லை. அவர் படங்கள் அரசு வெளியீடுகள். தொகுதிகள் சில டஜன் பிரதிகளாக அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் போய், அலமாரிகளில் அடங்கிவிட்டன. இத்தனைக்கும் தன் படங்களில் கையொப்பமிட்டு எண் போட்டுத்தான் வைத்திருந்தார். அரசு வேலை என்றாலும் ஆக்கியவன் நான் என்ற உரிமை அதில் தெரிகிறது.

1970களில் பழைய புகைப்படங்களுக்குச் சந்தையும் ஆய்வும் ஒருசேர எழுந்தபோது அந்த அலமாரிகள் திறந்தன. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் ஜேனட் டீவன் இதில் முக்கியமானவர். 1986-இல் டொரன்டோவின் ஒன்டாரியோ கலைக்கூடத்தில் டிரைப்புக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது. 2003-இல் அவருடைய படங்கள் அனைத்துக்குமான முழு அட்டவணையை டீவன் வெளியிட்டார். அந்தப் பொறுமையான பட்டியல் வேலை இல்லாவிட்டால் மற்றவை நடந்திருக்காது என்பது என் எண்ணம். பிறகு 2014-15-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிடன், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்து பெரிய கண்காட்சி நடத்தின. அதையொட்டிய நூலில் புகைப்பட வரலாற்றாளர் ரோஜர் டெய்லரோடு, தமிழகக் கோயில் கட்டடக்கலையை நன்கறிந்த கிரிஸ்பின் பிரான்ஃபுட்டும் எழுதினார். வெறும் ஒளி-நிழல் ரசனையாகப் போய்விடாமல் அந்த நூலைக் காத்தது பிரான்ஃபுட்டின் மதுரைப் படிப்புதான்.

மீட்பிலும் ஒரு விடுபடல் உண்டு. ஆயிரக்கணக்கான பிரிண்டுகளை டிரைப் ஒருவரே எடுத்து, கழுவி, தங்க உப்பில் நிறமேற்றி, ஒட்டியிருக்க முடியாது. பெங்களூரில் அவரிடம் இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் பெயர் மட்டும் ஆவணங்களில் தங்கியிருக்கிறது: சி. ஐயாசாமி. டிரைப்பிடம் தொழில் கற்றவர். பின்னர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் போட்டோகிராபி கற்பித்தார். கவர்னர் ஆடம்பரம் என்று மூடிய கடையிலிருந்து தொழில் வெளியே கசிந்து இந்த ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போனது அவர் வழியாக. தமிழகப் புகைப்பட வரலாற்றை எழுதுகிறவர் டிரைப்பில் தொடங்கி நேரே அடுத்த வெள்ளைக்காரருக்குத் தாவாமல், நடுவே இந்த மனிதரிடம் நின்று போவது நியாயம்.

படங்களைப் பார்க்க இப்போது லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் பிரதிகளைத் தெளிவாக நகலெடுத்து இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. யானைமலை ரசிப்பவர்களுக்கு இருக்கட்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளரும் தொல்லியல் துறைக்காரரும் முதலில் மகாலைத் திறக்கலாம். எந்தத் தூணில் சுதை எந்த உயரம் வரை நின்றது, வளைவின் விளிம்பில் என்ன வேலைப்பாடு இருந்தது, எங்கே செங்கல் வெளியே தெரிந்தது என்பதெல்லாம் பெரிதாக்கினால் தெரிகிறது. அடுத்த முறை சாரம் கட்டும்போது அந்தப் பிரிண்டுகளை அளவாக அச்சிட்டு மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுச் சுண்ணாம்பு குழைக்கச் சொல்லலாம். வானத்தை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.